காலி வண்டிதான் மண்ணில் இறங்கணும்

1

போன செவ்வாய்க்கிழமை, எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று அயர்லாந்து அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நான்காவது தேர்வில். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் மற்ற நர்ஸுகள் கேக் எங்கே என்று கேட்டு, அவர்களே ஒரு பலூனும் கட்டிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் கோபம்தான். சித்தூர் ஜில்லாவில் தார் பார்க்காத பாதைகளில் இருபது வருஷம் வண்டி ஓட்டியவளுக்கு, பிறந்தநாள் குழந்தைக்குக் கட்டுவதுபோல பலூன் கட்டுகிறார்களே என்று.

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் லைசென்ஸை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பிறகு பழகுநர் உரிமம். காரில் முன்னும் பின்னும் சிவப்பில் ஒரு 'எல்' ஒட்டவேண்டும். பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்கவேண்டும். எனக்கு உட்கார்ந்தவர் என் கணவர் ஜெயராஜ். சித்தூரில் ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொடாத மனிதர். இங்கே வந்து முதன்முதலாகக் கார் பழகி, முதல் தேர்விலேயே தேறினார். அவரிடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று பயிற்சியாளர் பாராட்டினாராம். அந்தப் பாராட்டை அவர் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'எல்' போய் 'என்' வந்திருக்கிறது. புதியவர் என்று அர்த்தமாம். இரண்டு வருஷம் அதை ஒட்டிக்கொண்டே திரியவேண்டும். திரிகிறேன். ஆனால் நான் உங்களிடம் பீற்றிக்கொள்ள வந்த வெற்றி இது இல்லை. அது போன மாங்காய் சீசனில், நம் ஊரில், ஓடைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது.

2

முதல் தேர்வில் ஏன் தோற்றேன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

இங்கே கிராமத்துப் பாதைகள் அசல் நம் வண்டிப்பாதைதான். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் புல் முளைத்த மேடு, ஒரு வண்டிக்கு மட்டும் இடம். முதல் தடவை பார்த்தபோது, "இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்று ஜெயராஜிடம் கேட்டேன். தேர்வாளர் என்னை அப்படி ஒரு பாதையில் திருப்பச் சொன்னார். மழைக்கோட்டு போட்ட, நிதானமாகப் பேசும் நல்ல மனிதர். கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அதன் பின்னால் ட்ரெய்லர் நிறையப் புல்லுருண்டைகள். என் கையும் காலும் என்னைக் கேட்கவே இல்லை. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டையும் பாதையை விட்டுச் சேற்றில் இறக்கி, கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, டிராக்டருக்குப் போ என்று கை காட்டினேன்.

நகரி, புத்தூர், கார்வேட்டி நகரம் பக்கம் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் உள்ரோடுகளில் தார் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் போட்டிருக்கும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருத்தர் ஓரத்து மண்ணில் இறங்கியாகவேண்டும். யார் இறங்குவது என்று சொல்லப் போலீஸும் இல்லை, பலகையும் இல்லை. காலி வண்டி இறங்கும், லோடு வண்டி தாரில் போகும். அவ்வளவுதான் சட்டம். கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு அதிகாரிகளின் ஜீப் முள்ளில் இறங்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு பஸ். பஸ் யாருக்கும் இறங்காது. எந்தச் சாதி வண்டியாக இருந்தாலும் பஸ்ஸைக் கண்டால் மண்ணுக்குப் போய்விடவேண்டும்.

"ரோட்டை விட்டு ஏன் இறங்கினீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேர்மையாகச் சொன்னேன். "ஹி இஸ் லோடு, சார். ஐ ஆம் எம்ட்டி."

அவர் என் முகத்தைக் கவலையோடு பார்த்து, உடம்புக்கு எதுவும் செய்கிறதா, கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். பின்னால் சற்றுத் தள்ளி, ஒதுங்குவதற்கென்றே பாதையை அகலப்படுத்தி வைத்திருக்கிறார்களாம். நான் ரிவர்ஸில் அங்கே போய் நின்றிருக்கவேண்டுமாம். டிராக்டர்காரர் மட்டும் கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எனக்கு நன்றி சொன்னார். அவருக்குப் புரிந்திருக்கிறது.

இரண்டாவது தடவை, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்ததற்காகப் போனது. மூன்றாவது தடவை மறுபடியும் சக்கரம் மண்ணுக்குப் போய்விட்டது, இந்த முறை ஒரு பால் லாரிக்காக. மூன்று தேர்விலும் ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு ஒரு தப்புக்குறிகூட விழவில்லை. ரிவர்ஸ். "ரிவர்ஸ் அழகாக எடுக்கிறீர்கள்" என்று மூன்றாவது தடவை அதே தேர்வாளர் வாய்விட்டே சொன்னார். பந்தியில் சோறு தீர்ந்த பிறகு வெற்றிலை கொடுத்ததுபோல இருந்தது எனக்கு. வீடு வந்து சேரும்வரை ஜெயராஜிடம் பேசவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

3

அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டுதான் ஜூனில் ஊருக்கு வந்தேன். ஜெயராஜுக்கு லீவு இல்லை. மகள் ரூத் மட்டும் கூட வந்தாள். பதினேழு வயது. நாலு வயதில் விமானம் ஏறியவள். தமிழ் புரியும், பேசும்போது மருந்துச்சீட்டு படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வரும். அவளுக்கும் பழகுநர் உரிமம் வந்திருந்ததால் வீட்டில் இரண்டு 'எல்' ஆகிவிட்டது. அம்மாவோடு சேர்ந்து 'எல்' ஒட்டித் திரிவது அவளுக்குப் பெரிய அவமானம். சென்னையிலிருந்து வரும் வழியில் நான் சாலையில் போன வண்டிகளைப் பற்றி ஏதோ அபிப்பிராயம் சொன்னபோது, "அம்மா, நீங்க இங்க ஓட்டினது டிரைவிங் இல்ல. சும்மா... பிழைச்சு வந்தது" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனசு சுருக்கென்றது.

எங்கள் ஊர் நகரிக்கும் சித்தூருக்கும் நடுவில் மலையோரமாக இருக்கிறது. நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவின் மாந்தோப்பை அண்ணன் சாமுவேல் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். எல்லாம் ஃபேக்டரியில் பழக்கூழாக்குகிற தோத்தாபுரி மாமரங்கள். தோப்பு ஓடைக்கு அந்தப் பக்கம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு காற்றில் பிஞ்சு உதிர்ந்தது. அதற்கடுத்த வருஷம் காய் இருந்தும் வாங்க ஆள் இல்லை. திருப்பதியிலிருந்து வீட்டுமனை போடுகிறவர் ஒருவர் அப்போதிலிருந்தே வந்துபோய்க்கொண்டிருக்கிறார். பெரிய கறுப்பு வண்டி, மரியாதையான பேச்சு. மரத்தை வெட்டி, கல் நட்டு, மனை போட்டுவிடலாம் என்கிறார்.

நான் வந்த அன்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் காய் ஃபேக்டரிக்குப் போய்ச் சேரலன்னா, நா அந்தாளுக்குக் கையெழுத்து போட்டுர்றேன், எஸ்தரு. இனிமே என்னால முடியாது."

முடியாது என்ற வார்த்தையை அண்ணன் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. நைனா செத்த அன்றுகூட அவர்தான் பந்தல் போட ஓடினார். நானும் தட்டைத் தள்ளிவைத்தேன்.

மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் ராப்பகலாக வரிசை கட்டி நிற்கும். அதனால் டோக்கன் கொடுத்து, இன்ன நாள் சாயங்காலம் கேட் மூடுவதற்குள் வரவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். தவறினால் அடுத்த டோக்கன் எப்போது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அண்ணனுக்கு டோக்கன் கிடைத்திருந்தது. முந்தின நாளே ஆள் வைத்துக் காயைப் பறித்து மரத்தடியில் குவித்தாயிற்று. அன்று ராத்திரி பார்த்து மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் ஓடைமேல் இருந்த சிறு பாலம் இல்லை. இரண்டு சிமெண்ட் குழாய்கள் மட்டும் கீழே தண்ணீரில் கிடந்தன.

4

காலையில் ஓடைக்கரையில் நின்று எல்லோரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தோப்புக்கு இன்னொரு பாதை உண்டு. கொஞ்சம் கீழே, ஓடை அகலமாகப் பரந்து தண்ணீர் கணுக்கால் அளவு ஓடும் இடத்தில் இறங்கி, அக்கரையில் இரட்டைப் பாறைக்கு நடுவே போகவேண்டும். ஆனால் அந்தப் பாறை இடுக்கில் டிராக்டர் ட்ரெய்லர் நுழையாது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி நுழையும். ஆனால் ஊரிலுள்ள குட்டியானை எல்லாம் யாருடைய காயையோ சுமந்து ஃபேக்டரி வரிசையில் நின்றது. அண்ணன் டிராக்டரை ட்ரெய்லரோடு, சர்ச்சுக்கு முன்னால் தார் ரோடு அகலமாகும் இடத்தில் நிறுத்திவிட்டு வந்து, ஓடைக்கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் மனைக்காரரின் கறுப்பு வண்டி வந்தது. அவர் இறங்கிப் பாலத்தைப் பார்த்தார். பாறையையும் பார்த்தார். அண்ணன் தோளில் கை வைத்து, "எந்துக்கு சாமுவேல்காரு, எதுக்கு இந்தக் கஷ்டம்? என் வண்டி கூட அதுல போகாது" என்றார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். உண்மையாகவே பரிதாபப்பட்டார். அந்தப் பரிதாபம்தான் எனக்குத் தாங்கவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"அண்ணா, உன் கார்ச் சாவி குடு."

"இன்னாத்துக்கு?"

"பின் சீட்டக் கழட்டு. பிளாஸ்டிக் கிரேட்டுல காய அடுக்கி எடுத்துகினு வரலாம்."

"எஸ்தரு, அது சர்ச்சுக்குப் போற வண்டிமா. அதுல போய் மாங்காயா?"

"சர்ச்சு எங்கயும் போவாது. சாவி குடு."

அண்ணனுடையது வெள்ளை நிறச் சின்னக் கார். ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது. பின் சீட்டைக் கழற்றிக் கோணி விரித்தோம். ரூத் என் பக்கத்தில் ஏறிக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினேன். டயர் அகலமாகப் படர்ந்தால் மணலில் புதையாது.

மண்பாதையில் நடுமேடு உயரமாக இருந்தது. பள்ளத்துத் தடத்திலேயே போனால் காரின் வயிறு இடித்துவிடும். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் வைத்துக் கோணலாக ஓட்டினேன். ஓடையில் இறங்கியதும் முதல் கியரில் ஒரே சீராக விட்டேன். மணலில் நின்றால் போச்சு, கியர் மாற்றினாலும் போச்சு. பாறை வந்ததும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினேன். ரூத் சொல்லாமலேயே இறங்கி முன்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்து இடைவெளி காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு கை அகலம், இந்தப் பக்கம் அதைவிடக் குறைவு. உள்ளே போய்விட்டோம். தோப்பில் காய் அடுக்க வந்திருந்த பெண்கள் ஓவென்று கத்தினார்கள். எனக்கு மூன்று தேர்வின் கசப்பும் அப்போதே பாதி போய்விட்டது.

போனது பெரிதில்லை, வந்ததுதான் பெரிது. கூரை வரைக்கும் கிரேட் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஓடையைத் தாண்டினோம். இக்கரை மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. கிளட்ச் தீய்ந்த நாற்றம். மேலேயிருந்து ஆள்கள் ஓடிவந்து தள்ளினார்கள். கார் ஒரு முழம் ஏறி, இரண்டு முழம் வழுக்கியது. மேட்டில் நின்ற அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். பாரமெல்லாம் பின்னால். இந்தக் காரை இழுப்பது முன்சக்கரம். மேட்டில் மூக்கைத் தூக்கினால் முன்சக்கரத்துக்கு மண் பிடி கிடைக்காது. அப்படியானால் பாரம் மேலே போகட்டும், இழுக்கிற சக்கரம் கீழேயிருந்து தள்ளட்டும். காரை ஓடைக்கே இறங்கவிட்டு, கெட்டியான சரளை இருந்த இடத்தில் வண்டியைத் திருப்பினேன்.

"ஏம்மா, திரும்பத் தோப்புக்கே போய்க்கினு கீற?" என்று மேலேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"எல்லாரும் ஒதுங்குங்க!" என்று நானும் கத்திவிட்டு, ரிவர்ஸ் போட்டு, கழுத்தைத் திருப்பினேன். பின்னால் கிரேட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை விரித்து, ஓரத்து வேப்பமரத்தை மட்டும் குறி வைத்துக்கொண்டு ஏற்றினேன். ஒரு தடவைகூடச் சக்கரம் வழுக்காமல், பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, அந்தச் சின்னக் கார் மேட்டில் ஏறி நின்றது. அயர்லாந்தில் ஒரு தப்புக்குறிகூட விழாத என் ரிவர்ஸ்!

அண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

5

ஒரு காரால் ஒரு ட்ரெய்லரை நிரப்ப முடியாது. பொழுதும் நமக்காக நிற்காது. அண்ணன் பாஸ்டரய்யாவுக்குப் போன் போட்டார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் சர்ச்சு ஒலிபெருக்கி கரகரத்தது. ஞாயிறு அல்லாத நாளில் அது கேட்டால் சாவு என்றுதான் அர்த்தம். ஊரே வாசலுக்கு வந்துவிட்டது.

"கார் வெச்சிருக்கிற சகோதர சகோதரிகளே, சாமுவேலு தோப்புக்கு உடனே வாங்க. பின் சீட்டக் கழட்டிட்டு வாங்க. சபையில இல்லாதவங்களும் வரலாம்."

வந்தார்கள். முதலில் பாஸ்டரய்யாவே தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார், கண்ணாடியில் வேத வசனம் ஒட்டியபடியே. திருச்சானூருக்கு யாத்திரிகர்களை ஏற்றி இறக்கும் டாக்ஸிக்கார வெங்கடேசு, ராத்திரி சவாரி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன், காரிலிருந்த பெருமாள் படத்துக்குப் போட்ட மாலையோடு வந்தான். டிரைவிங் ஸ்கூல் முனிரத்தினம் மேலே போர்டு வைத்த காரில் வந்தார். கல்யாணத்துக்கு அலங்கரித்த கார் ஒன்றும் பாதிப் பூவோடு வந்தது. எல்லாமே தார் ரோட்டுக்கும் மழை படாத ஷெட்டுக்கும் வாங்கிய சாதாரண வண்டிகள். பெரிய சக்கரமோ, நாலு சக்கர இழுவையோ ஒன்றுக்கும் கிடையாது.

ஒவ்வொருவருக்கும் ஓடைக்கரையில் நின்று சொன்னேன். காற்றை இறக்கு. நடுமேட்டில் ஒரு சக்கரம் வை. கண்ணாடியை மடக்கு. வரும்போது சரளையில் திரும்பி ரிவர்ஸில் ஏறு. ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவள் பாடம் சொல்வதா என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் மாங்காய் மேலேயே கண்.

முனிரத்தினத்தின் கார் பின்புறமாக மேட்டில் ஏறி வந்தபோது அவர் தலையை வெளியே நீட்டி, "ஸ்கூலு வெச்ச நாள்லர்ந்து ரிவர்ஸு சொல்லிக் குடுத்துகினு கீறேன். அதுல லோடு ஏத்தலாம்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது" என்றார். பக்கத்தில் வெங்கடேசு, "அக்கா, இது தெரிஞ்சிருந்தா நா திருமலைக்கே ரிவர்ஸுல போயிருப்பேன்" என்றான். ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு கார்கள் பின்னோக்கி மேடேறுவதைப் பார்த்துக் கரையில் நின்ற ஆடு மேய்க்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

மனைக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

6

ட்ரெய்லர் நின்ற இடத்துக்கு ஓடையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தார் ரோட்டில் போகவேண்டும். கடைசிச் சுற்றில், நான் தாரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எதிரே பஸ் வந்துவிட்டது. ஸ்கூல் விட்ட நேரம். படிக்கட்டு வரைக்கும் ஆள்கள் தொங்கினார்கள். பின் பக்கம் தரையைத் தொடுகிற அளவுக்கு என் கார் அமுங்கியிருந்தது. ரூத் மடியில் ஒரு கிரேட், காலடியில் ஒரு கிரேட். மழையில் ஊறிய ஓரத்தில் இறக்கினால் அந்தப் பாரத்தோடு ஏற்ற முடியாது. ஆனால் எதிரே வருவது பஸ். கை தானாக இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடிக்க ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் பஸ் வேகம் குறைத்தது. டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். காரின் அமுங்கின முதுகைப் பார்த்தார், கூரை வரைக்கும் மாங்காயைப் பார்த்தார். பிறகு அத்தனை பேரோடும் அந்தப் பஸ்ஸின் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கி, ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தினார்.

"ரா அம்மா, வா வா! லோடுல கீற, நீ போ!" என்று கை வீசினார். பஸ்ஸில் தொங்கிய பிள்ளைகள் எல்லாம் விசில் அடித்தார்கள்.

நான் தாரிலேயே போனேன். கண் கலங்கிப் பாதை மங்கலாகத் தெரிந்தது. வாழ்க்கையில் எனக்கு யாரும் செய்யாத மரியாதை அது. அயர்லாந்தில் என் இடது சக்கரம் மண்ணைத் தேடி ஓடியதே, அது கெட்ட பழக்கம் இல்லை என்று அந்த டிரைவர் ஒரு பஸ்ஸையே சாய்த்துச் சொல்லிவிட்டார்.

ரூத் திரும்பிப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அம்மா அவர் இறங்கினார்? அது பஸ். பெரிசு."

"நாம லோடு, கண்ணு. அவரும் லோடுதான். ஆனா அவரால இறங்கி ஏற முடியும், நம்மால முடியாது."

அவள் மடியிலிருந்த கிரேட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இது டிரைவிங்தான்" என்றாள்.

ட்ரெய்லர் நிரம்பியதும் அண்ணன் டிராக்டரைக் கிளப்பினார். நாங்கள் எல்லோரும் சர்ச்சு வாசலிலேயே, சேறு பூசிய கார்களில் சாய்ந்துகொண்டு காத்திருந்தோம். பாஸ்டரய்யா ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். வெங்கடேசு தன் பங்குக்குக் கோவிந்தா போட்டான். இரண்டுக்கும் ஆமென் சொன்னோம். பொழுது சாயும் நேரத்தில் என் போன் அடித்தது.

"எஸ்தரு, கேட்டுக்குள்ள போய்ட்டேன்." பின்னால் எடைத் தராசில் ஏறும் டிராக்டர்களின் சத்தம் கேட்டது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்கவைத்தேன். முனிரத்தினம் தன் காரின் ஹாரனை அழுத்தினார். மற்ற கார்களும் சேர்ந்துகொண்டன. வளைவு எதுவும் இல்லாத இடத்தில், அவ்வளவு ஹாரன்!

7

ரூத் அந்தக் கார்கள் ரிவர்ஸில் ஏறுவதைப் போனில் பிடித்துவைத்திருந்தாள். திரும்பி வந்ததும் பள்ளியில் காட்டியிருக்கிறாள். அங்கே பாதிப் பிள்ளைகள் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். "ஓட்டினது யார்?" என்று கேட்டார்களாம். "எங்க அம்மா. மூணு தடவை ஃபெயில்" என்று இவள் பெருமையாகச் சொன்னாளாம். அந்தப் பெருமையில் 'ஃபெயிலை'யும் சேர்க்கவேண்டுமா என்று கேட்டேன். அதுதான் கதையே என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை அதே தேர்வாளர், அதே மழைக்கோட்டு, அதே மாதிரிப் பாதை. எதிரே டிராக்டர், ட்ரெய்லர் நிறைய விறகு. இடது கை துடித்தது. அடக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, பின்னாலிருந்த ஒதுங்குமிடத்துக்கு ரிவர்ஸில் ஒரே வீச்சில் போய் நின்றேன். டிராக்டர்காரர் கடக்கும்போது ஒரு விரலைத் தூக்கினார். நானும் ஒரு விரலைத் தூக்கினேன். தேர்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு தனக்குள் சிரித்தார்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் அவரிடமும் ஒன்று இருந்தது, என் கதை முடியட்டும் என்று பொறுத்திருந்தார்.

"அந்தக் கார் இருக்குதே எஸ்தரு, பின் சீட்ட நா திரும்ப மாட்டவே இல்ல. உங்க அண்ணி சர்ச்சுக்கு நடந்துதான் போறா, திட்டிகினே போறா. நேத்து மரத்துக்குப் போட எரு மூட்டை ஏத்திகினு போய்க்கினு இருந்தேன். எதிர்ல அந்த மனைக்காரரு வண்டி வந்துச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு வண்டியும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுச்சு. ஹாரன் அடிச்சாரு. நா நவுரல. கண்ணாடிய எறக்கி, 'ஏமண்டி சாமுவேல்காரு, தாரி இய்யரா?' அப்டின்னாரு. வழி வுடமாட்டியான்னு கேக்குறாரு. ராத்திரி மழை வேற பேஞ்சி ஓரமெல்லாம் கொழகொழன்னு கீது."

"நீ இன்னா சொன்ன?"

"நா லோடு சார், நீங்க காலின்னேன்."

நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து ஜெயராஜ் கரண்டியோடு ஓடிவந்தார். போனில் அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். மனைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாராம். பிறகு அந்தப் பெரிய கறுப்பு வண்டி மெதுவாக இடது பக்கம் ஒடிந்து, சேற்றில் இறங்கிச் சாய்ந்து நின்றதாம். பின் சீட்டு இல்லாத எங்கள் வெள்ளைக் கார் அதைத் தாண்டி, தாரிலேயே தோப்புப் பக்கம் போனது.